மூச்சு வாங்குற மலை

எங்கள் வீட்டுக்காரர் மலை ஏறப் போகிறேன் என்று முதன்முதலில் சொன்னபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். தோசையைத் திருப்பாமல் அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அது அப்படி இல்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

“எந்தக் கோயிலுங்க?” என்று கேட்டேன்.

“கோயிலுக்கு இல்ல. செஞ்சிக் கோட்டை மலைய ஏறிட்டு சாயங்காலமே வந்துடுவேன்.”

“இன்னா வேண்டுதல்?”

“வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மாத்தான்.”

சும்மா என்று ஒருவர் சொன்னால் அதற்குள் என்னமோ இருக்கிறது என்று அர்த்தம். விருத்தாசலத்தில் சும்மா மலையேறுகிறவரை நான் பார்த்ததில்லை. மாலை போட்டு ஏறுவார்கள், மொட்டை போட ஏறுவார்கள், பௌர்ணமிக்குச் சுற்றி வருவார்கள். விருத்தாசலம் என்றாலே பழைய மலை என்றுதான் அர்த்தம், ஆனால் ஊரில் மலை கிடையாது. அது பூமிக்குள் அழுந்திவிட்டது என்று கோயிலில் சொல்வார்கள். அதையும் நான் முழுக்க நம்பியதில்லை. செராமிக் பேட்டையில் லாரி கொட்டிவிட்டுப் போகிற களிமண் குவியல்தான் எங்களுக்குத் தெரிந்த மேடு. அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமையில் செஞ்சி வரைக்கும் போய் ஏற என்ன இருக்கிறது?

சேலம் லைனில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் தெருவில் செல்போன் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், நாங்கள் அதில் இல்லை. வெளியே போன ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அவர் திரும்பி வருகிறவரை நானாக எதையாவது நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நினைப்பதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் சந்தேகக்காரிதான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்துகிற இடத்துக்கும் தெருக்குழாய்க்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பேன். தைக்கக் கொடுத்த ரவிக்கைத் துணியில் மிச்சம் வரவில்லை என்றால் டெய்லர் பெண்டாட்டியின் ரவிக்கையைக் கவனிப்பேன். “உன் கண்ணுல எக்ஸ்ரே மிஷின் வச்சிருக்குது” என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் மீது அதுவரை பெரிதாகச் சந்தேகப்பட்டதில்லை என்பதும் உண்மை. வேலை, வீடு, ரேடியோ, தூக்கம் என்று இருக்கிறவர்மேல் எதைச் சந்தேகப்படுவது?

நாங்கள் இரண்டு பேருமே பீங்கான் வேலைக்காரர்கள். அவர் ஒரு சின்னக் கம்பெனியில் மாவு ஷெட்டில் சேர்ந்தவர். வெள்ளைக் கல்லை மில்லில் போட்டு, களிமண்ணோடு கலப்பதற்காக மாவாக அரைக்கிற இடம் அது. கல்யாணத்துக்குப் பிறகுதான் சூளைக்கு மாற்றினார்கள். ஆள் வரவில்லை என்றால் மறுபடி மாவு ஷெட்டுக்கும் போவார். நான் வேறொரு கம்பெனியில் பினிஷிங். அச்சிலிருந்து எடுத்துக் காய வைத்த ஃப்யூஸ் கட்டைகளையும் பொம்மைகளையும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். சாயங்காலம் ஆனால் புருவமும் பின்னலும் வெள்ளையாகிவிடும். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டால்தான் என் வயசு எனக்குத் திரும்பும்.

என் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்த, எங்கள் தெருவிலேயே குடியிருந்த அக்கா ஒருவர் அந்த வருஷம் ஆடி மாசம் இறந்துபோனார். மூச்சு வாங்குகிறது என்று வேலையை விட்டு, வேப்பூர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. டிபி என்றார்கள், ஆஸ்துமா என்றார்கள். அவர் இடத்தில் வேறு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். எனக்கும் இருமல் இருந்தது. பனிக்காலத்தில் யாருக்குத்தான் இல்லை? ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று வீட்டுக்காரர் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். நான் போகவில்லை. நாம் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மாத்திரை எழுத ஆரம்பிக்கிறவர்களை எப்படி நம்புவது? அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மலைப் பேச்சுதான் எடுத்தார்.

செஞ்சிக்குப் போய்விட்டு அவர் வந்த ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் நான் அவர் நடையைப் பார்த்தேன். சபரிமலைக்குப் போய்வந்த எதிர்வீட்டுக்காரர் மூன்று நாள் வாசற்படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கியது எனக்கு நினைவிருக்கிறது. இவரோ பையன் மாதிரி இறங்கி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கெண்டைக்கால் பிடிக்கவில்லை, தொடை வலிக்கவில்லை. மலையாம் மலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கல்வராயன் மலை. அதற்கப்புறம் பச்சைமலை. ஒவ்வொன்றையும் அவர் தேர்ந்தெடுத்த விதம் இருக்கிறதே, அதைக் கேட்டால் எந்தப் பெண்டாட்டிக்கும் சந்தேகம் வரும். கம்பெனிச் சரக்கோடு லாரியில் வேப்பூர் வரை போகிறபோது ஹைவே டீக்கடைகளில் நிற்கிற டிரைவர்களிடம் விசாரிப்பாராம். சாப்பிடும்போது என்னிடமே சொல்வார்.

“கல்வராயன்ல பஸ்ஸு போவுது. பஸ்ஸு போற மலை எதுக்கு? பழைய நடைபாதை ஒண்ணு இருக்குதாம். அடிவாரத்துலேருந்து நேரா நெட்டுக்குத்தா ஏறுதாம். அதுலதான் போவப் போறேன்.”

“கொல்லிமலை நல்லாருக்கும்னு சொல்வாங்களே?”

“அது ஒரே நாள்ல போயிட்டு வர முடியாது. திங்கக்கெழமை சூளை அடுக்கணும். அதுவுமில்லாம சுத்திச் சுத்திப் போற பாதைல கால்தான் வலிக்கும். எனக்குக் கால் வலிக்கிற மலை வேணாம். மூச்சு வாங்குற மலை வேணும்.”

உண்மை பேசுகிற மனுஷன் இப்படிப் பேசுவாரா? காட்சி வேண்டாம், அருவி வேண்டாம், சாமி வேண்டாம், மூச்சு வாங்கினால் போதும் என்று யாராவது பஸ் ஏறிப் போவார்களா? போய்வந்த பேன்ட்டைத் துவைக்கப் போடும்போது உதறிப் பார்த்தேன். ஓரத்தில் நாயுருவி ஒட்டியிருந்தது. நாயுருவி எங்கள் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்திலும்தான் முளைக்கிறது. சட்டையை முகர்ந்து பார்த்தேன். வியர்வை நாற்றமும் புகையும். புகை சூளையிலும் உண்டு. ஆதாரம் என்று எதை எடுத்தாலும் அது விருத்தாசலத்திலேயே கிடைக்கிற பொருளாக இருந்தது.

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவரிடம் ஜாடையாகக் கேட்டேன். “எந்தம்பி அப்டிப்பட்ட ஆளு இல்லம்மா” என்றார். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று நான் கேட்கவே இல்லையே! கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் சொன்னார் என்று அதை வேறு யோசித்துக்கொண்டு வந்தேன்.

போகிக்கு முந்தின நாள் வீடு கழுவும்போது பரண்மேல் பழைய சூட்கேசுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி அகப்பட்டது. திறந்தால் புத்தம்புதிய கேன்வாஸ் ஷூ. நீல நிறம், பொம்பளை சைஸு. ஏணியிலேயே உட்கார்ந்து வலது காலில் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். என் புத்தி எப்படிப் போயிற்று தெரியுமா? அவளுக்கும் என் கால் அளவுதான் போலிருக்கிறது என்று போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் பெட்டியை முன்னால் வைத்தேன்.

“அடுத்த ஞாயித்துக்கெழமை எந்த மலைங்க?”

“பாக்கணும்.”

“நானும் வரேன்.”

அவர் மறுப்பார், திணறுவார், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவரோ, “வா” என்றார். “உனக்குத்தான் வாங்கி வச்சேன். நீயா கேக்கட்டும்னு இருந்தேன்.”

“ஏன், நீங்களா கூப்புட்டா ஆகாதா?”

“கூப்புட்டா நீ வருவியா?”

வரமாட்டேன்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் அது அவருக்கும் தெரிந்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக வா என்கிறவர் எதையோ முன்னாலேயே ஒழுங்கு பண்ணி வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

எங்கள் பெண் குழந்தையை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, இருட்டு பிரிவதற்கு முன் பஸ் ஏறினோம். முதலில் செஞ்சி. அவர் ஏற்கெனவே ஏறிய மலைக்கு மறுபடி ஏன் என்று கேட்டேன். “எடுத்த எடுப்புல பெருசா போவக் கூடாது. சூளைக்கே சூட்டக் கொஞ்சம் கொஞ்சமாத்தானே ஏத்துறோம்” என்றார். புடவையை இழுத்துச் செருகி, நீல ஷூவோடு நான் நடந்ததைப் பார்த்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பள்ளிக்கூடத்துப் பெண்கள் சிரித்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. அவர் யாரைப் பார்க்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரையும் பார்க்கவில்லை. அடிவாரத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்ற பெண், மோர் விற்ற பெண், டூரிஸ்ட் பஸ்ஸில் வந்து இறங்கிய பட்டணத்துப் பெண்கள், யாரையும் அவர் கண் தொடவில்லை. என்னையே பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. நான் படியேற ஏற என் கழுத்தைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது.

“ஏதாவது பேசிக்கிட்டே ஏறு” என்றார்.

வீட்டில் நான் வாயைத் திறந்தாலே ரேடியோ சத்தத்தை ஏற்றுகிற மனுஷன்! “இன்னாத்தப் பேசறது?” என்றேன்.

“ஒங்கம்மா வூட்டுக் கதையச் சொல்லு.”

அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது தடவை கேட்டு அலுத்துப்போன எங்கள் அம்மா வீட்டுக் கதையை வெயிலில், நெட்டுக்குத்தான படியில் வைத்துக் கேட்க ஆசைப்படுகிறார் என்றால் நிச்சயம் ஏதோ இருக்கிறது. ராஜகிரி என்கிற அந்தக் கோட்டை மலையின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறைப் பிளவுக்கு மேலே சின்னதாக ஒரு பாலம் உண்டு. கீழே எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. அந்தப் பாலத்தில் கால் வைத்தபோது, இங்கேதான் தள்ளிவிடப் போகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். “நீங்க முன்னாடி போங்க” என்றேன். அவர் போனார். அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டு நான் போனேன். விழுந்தால் இரண்டு பேரும்.

ஒன்றும் நடக்கவில்லை. மேலே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். “நடுவுல ரெண்டு தடவ நின்ன” என்றார். மார்க் போடுகிற வாத்தியார் மாதிரி இருந்தது குரல்.

மாசி மாசத்தில் கல்வராயனில் அந்தப் பழைய நடைபாதைக்கு அழைத்துப் போனார். கல்லும் வேருமாக, நிமிர்ந்து பார்த்தால் பாதை நெற்றியில் இடிக்கிற மாதிரி இருந்தது. விறகுச் சுமையோடு இறங்கி வந்த பெண்கள் எங்களைப் பார்த்து, எந்த ஊரு, எதுக்கு வந்தீங்க என்று கேட்டார்கள். சும்மாத்தான் என்றார் இவர். அவர்களும் என்னை மாதிரியே அவரைப் பார்த்தார்கள். அதில் எனக்கு ஒரு ஆறுதல். அங்கே நான் நின்ற இடங்களுக்குக் கணக்கே இல்லை. இருமல் வேறு வந்தது. அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னோடு நிற்காமல் சரசரவென்று மேலே ஏறிப் போய், திரும்பி இறங்கி வந்தார். தன் மூச்சைத் தானே காது கொடுத்துக் கேட்கிறவர் மாதிரி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

பர்வதமலைக்குப் பங்குனியில் போனோம். திருவண்ணாமலையில் இறங்கி வேறு பஸ் பிடித்து, அடிவாரத்தில் டீ குடித்தபோது டீக்கடைக்காரர் ஷூவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேல கடப்பாறைப் பாதை வரும், பாறைல கடப்பாறைய அடிச்சிச் சங்கிலி கட்டியிருக்குது. மூச்சுப் பிடிச்சி ஏறணும். முடியலன்னா அதுக்கு முன்னாடியே திரும்பிடுங்கம்மா.” வீட்டுக்காரர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். இந்த மலையைப் பற்றி அவர் விசாரித்ததெல்லாம் அந்த ஒரு பாதைக்காகத்தான் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

முதலில் காடு, பிறகு படிகள், பிறகு உருண்டைக் கற்கள். கடப்பாறைப் பாதையின் அடியில் போய் நிற்கும்போதே எனக்கு மார்பு அடைத்தது. கொஞ்சம் ஏறினேன். சங்கிலியைப் பிடித்த கை நழுவுவது போல இருந்தது. காற்றை எவ்வளவு இழுத்தாலும் பாதிதான் உள்ளே போயிற்று. கண் இருட்டிக்கொண்டு வந்ததும் அவர் பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்து இறக்கி, பாறை நிழலில் உட்கார வைத்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் என் பின்னால் மண்டியிட்டு, முதுகில் காதை வைத்தார். நாலு பேர் போகிற வழி. வெட்கத்தில் நெளிந்தேன். காதை எடுத்துவிட்டு விரல் முட்டியால் என் முதுகில் தட்டினார். வலது பக்கம் தட்டினார், இடது பக்கம் தட்டினார், தலையைச் சாய்த்துக் கேட்டார்.

எனக்கு அந்தத் தட்டு தெரியும். பேட்டையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். சூளையிலிருந்து இறக்கிய சாமானை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து விரல் முட்டியால் தட்டுவார்கள். ணங்கென்று சத்தம் வந்தால் நல்ல சாமான். டொக்கென்று வந்தால் உள்ளே விரிசல், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரிசல். அதைத் தனியாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

“என்னியத் தட்டிப் பாக்குறீங்களா?” என்றேன். மூச்சு வந்துவிட்டது, கோபத்தில்.

அவர் தட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“இதுக்குத்தான் கூட்டிக்கிட்டு வந்தீங்களா? ஒவ்வொரு மலையா?”

“பின்ன இன்னா பண்றது?” என்று கத்தினார். அவர் கத்துவதை அதுவரை நான் பார்த்ததில்லை. “ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டா வரமாட்ட. பக்கத்துல ஒக்காந்து தேச்ச அக்கா போயிட்டாங்க. அவங்க கடைசியா தெருமொனையிலேருந்து வூட்டுக்கு நடக்க முடியாம, நம்ம வாசல்லதான் ஒக்காந்தாங்க, பாத்த இல்ல? நீயும் அதே உப்புத்தாளு, அதே இருமலு. சமதரையில ஒண்ணும் தெரியாது. சூட்டுல ஏத்துனாத்தான் உள்ள இருக்குற விரிசல் வெளிய வரும். அதான் மலையா பாத்துப் பாத்து எடுத்தேன். மொதல்ல நான் தனியா ஏறிப் பாத்தேன், ஒழுங்கா இருக்குற ஒடம்புக்கு எவ்ளோ மூச்சு வாங்கும்னு தெரியணும் இல்ல?”

“அத என்கிட்ட சொல்லிக் கூப்புட்டு இருக்கலாமே!”

“சொன்னா நம்ப மாட்ட. நான் பொய் சொல்லிட்டு எங்கியோ போறேன்னு நெனச்சாதான் நீ பின்னாடியே வருவ.”

சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தப் பாறை நிழலில் எனக்கு எது முதலில் வந்தது என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. வேறு யாரும் இல்லை என்கிற நிம்மதி வந்தது. என் குணத்தைத் தூண்டில் புழுவாக்கி என்னையே பிடித்துவிட்டாரே என்கிற ஆத்திரம் வந்தது. என் முதுகு டொக்கென்று சத்தம் கொடுத்ததா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. இவருக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்றும் நினைத்தேன். அதையாவது சந்தேகப்படாமல் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

“கீழ போயிடலாம்” என்றார்.

“இவ்ளோ தூரம் வந்துட்டு கீழ போறதா? ஏறுங்க.”

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. கடப்பாறைக்குக் கடப்பாறை நின்று, உட்கார்ந்து, திட்டிக்கொண்டே ஏறினேன். உச்சியில் காற்று புடவையைப் பிடுங்கியது. எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் கை காட்டிய பக்கம் வெறும் புகைமூட்டமாக இருந்தது. அங்கேதான் சொன்னேன், ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று. ஆனால் ஒரு கண்டிஷன். அவரும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

“எனக்கு எதுக்கு? நான்தான் எல்லா மலையும் ஏறிட்டேனே. மூச்சே வாங்கலியே.”

“நீங்களும் டாக்டரும் சேந்துகிட்டு எனக்கு எதையாவது சொன்னா? ஒங்க படத்தையும் என் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்தாதான் நம்புவேன்.”

அவர் நலத்துக்காகக் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். அது பொய். என்னை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் கேட்டேன்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மார்பு நோய்ப் பிரிவில் ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு. நாங்கள் வாயைத் திறக்கும்வரை அவர் பேனாவை எடுக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. என்ன வேலை, எத்தனை காலம், முகத்தில் துணி கட்டுவீர்களா என்று இரண்டு பேரையும் கேட்டார். இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். நான் கேட்டபடி பக்கத்தில் பக்கத்தில்.

ஒன்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றில், மேல்பக்கம் இரண்டு பக்கமும், ரவையைத் தூவிய மாதிரி பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்தார்.

“இது ஐயாவோடது” என்றார் டாக்டர். “அம்மாவுக்கு நெஞ்சு நல்லாதான் இருக்கு. ரத்தம் ரொம்பக் கம்மி. அதான் ஏறும்போது மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுது. இருமல் தொண்டையில இருக்கு. மருந்து தரேன்.”

என் தோளைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது.

“எனக்கு மூச்சே வாங்கலியே டாக்டர்” என்றார். “பர்வதமலை ஏறினேன்.”

“இப்ப வாங்காது. இது ஆரம்பம். கல் மாவு உள்ள போய் ஒக்காந்திருக்கு. போன மாவு வெளிய வராது. இனிமே போகாம பாத்துக்கணும். நீங்க இந்த மாதிரி ஒண்ணும் தெரியாம இன்னும் பல வருஷம் அங்கியே இருந்திருப்பீங்க. மூச்சு வாங்க ஆரம்பிச்சப்புறம் வந்திருந்தா நாங்க பண்றதுக்கு அதிகம் இல்ல.”

நான் எழுந்து நின்றேன். “படம் மாறிப்போச்சு டாக்டர். பேரு மாத்தி எழுதிட்டாங்க. மூச்சு வாங்குனது எனக்கு. அது என் படம். மறுபடி எடுங்க” என்றேன். சத்தமாகத்தான் கேட்டேன், வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. சரி, இன்னொரு தடவை எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த இரண்டாவது படம் வருகிறவரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாழ்நாள் முழுக்க எத்தனையோ சந்தேகப்பட்டிருக்கிறேன். உண்மையாக இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு பட்ட சந்தேகம் அது ஒன்றுதான். படம் மாறியிருக்கட்டும், அந்தப் புள்ளிகள் என்னுடையதாக இருக்கட்டும் என்று எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதரைக் கும்பிட்டேன்.

மாறவில்லை. அதே புள்ளிகள், அதே இடத்தில்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் ஜன்னலோரம். பண்ருட்டி தாண்டியது. அவர் கவரிலிருந்து தன் படத்தை எடுத்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு உள்ளே வைத்துவிட்டு, விரல் முட்டியால் தன் மார்பில் தட்டினார். வலது பக்கம், இடது பக்கம். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“சத்தம் நல்லாத்தான வருது?” என்றார் என்னிடம்.

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. பஸ் என்றுகூடப் பார்க்காமல் அவர் கையைப் பிடித்து, தட்டாதீங்க, தட்டாதீங்க என்று அழுதேன்.

அடுத்த நாளே அவர் கம்பெனிக்கு நான்தான் போனேன். படத்தைக் காட்டி, அந்த ஷெட்டுப் பக்கம் இவர் இனி வரமாட்டார் என்று சொல்லிவிட்டு வந்தேன். நானும் உப்புத்தாளை விட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெட்டிக்கடை வைத்தோம், இன்றைக்கும் அதுதான். மலைக்கும் போகிறோம். இப்போது மலையைத் தேர்ந்தெடுப்பது நான். பஸ் போகிற மலையாகப் பார்த்து எடுக்கிறேன், அவர் முணுமுணுத்துக்கொண்டே வருவார்.

ஒவ்வொரு வருஷமும் பங்குனி வந்தால் பாண்டிச்சேரிக்குக் கிளம்ப வேண்டும். முந்தின நாள் அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று மார்பில் தட்டிக் காட்டுவார், ணங்குணு இருக்குது பாரு, இந்த வருஷம் எதுக்கு என்பார். நான் அந்தச் சத்தத்தை நம்புவதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, சட்டையைப் போடுங்க என்பேன்.